அண்ணியின் சூப் மூட்டைகள்

என் அண்ணி ஆறு வருடமாக நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் சூப் டம்ப்ளிங்குகளோடுதான் இருந்தார். ஆனால் ஒன்றைக்கூட வாயில் வைத்துப் பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்த டம்ப்ளிங் கொழுக்கட்டைபோல வெள்ளையாக, உருண்டையாக, உச்சியில் சுருக்கு வைத்த மடிப்புகளோடு இருக்கும். தட்டினால் டக்கென்று சத்தம் வரும். பேக்கிங் ஹாலில் அதற்குப் பெயரே கல்.

உறைய வைத்த உணவுப் பொட்டலங்கள் தயாரிக்கும் கம்பெனி அது. ஒரு பக்கம் பச்சையாக உள்ளே போகும் டம்ப்ளிங்குகள், குகை என்று ஊழியர்கள் அழைக்கும் நீளமான குளிர்ப்பெட்டிக்குள் நகர்ந்து, மறுபக்கம் கல்லாக வந்து விழும். விழுகிற இடத்தில் அண்ணி நிற்பார். கம்பளிச் சட்டை, அதன்மேல் கோட்டு, முழங்கால்வரை பூட்ஸ், கைக்கு இரண்டு அடுக்கு உறை. ஒரு தட்டில் பத்துக் கல் அடுக்கி நகர்த்த வேண்டும். விரிசல் விட்டது சிவப்பு வாளிக்குப் போகும். இதைப் பார்க்காமலே சத்தத்தை வைத்துப் பிரித்துவிடுவார் என்று அவருடைய ஷிப்டில் அண்ணிக்குப் பெயர் உண்டு.

போன வருடத்திலிருந்து அண்ணியின் விரல் நுனிகள் வெளுக்க ஆரம்பித்தன. முதலில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. பிறகு சட்டைப் பித்தான் பிடிபடவில்லை. ஒருநாள் அடுப்பிலிருந்த கரண்டியை வெறுங்கையால் எடுத்துக்கொண்டு நின்றார். பதறியது நான்தான், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கம்பெனி டாக்டர் அவர் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு, "குளிர்லேர்ந்து வெளிய வந்துட்டா உணர்ச்சி திரும்பலாம். அங்கயே இருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதும்மா" என்று முடித்துக்கொண்டார்.

வெளியே வருவதென்றால் எங்கே வருவது? அதே கம்பெனியின் மாடியில் சுவை அறை என்று ஒன்று இருக்கிறது. தயாராகும் சரக்கை வேகவைத்து, ருசி பார்த்து, குறை சொல்லும் வேலை. வெயில் வரும் ஜன்னல், மர நாற்காலி, சாதாரண காற்று. அங்கே இரண்டு பேர் தேவை, கீழே வேலை செய்பவர்களும் பரீட்சை எழுதலாம் என்று உடை மாற்றும் அறையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. இதற்குமுன் அந்த அறைக்கு ஆள் எடுத்தது அண்ணி வேலைக்குச் சேர்ந்த வருடம். அடுத்து எப்போது என்று யாருக்கும் தெரியாது.

சாப்பிடும்போது அண்ணி இதைச் சொன்ன விதம், பக்கத்து வீட்டுச் செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது.

"பதினாலு பேர் பேர் குடுத்திருக்காங்களாம். சூப்பர்வைசர் பொண்ணுகூட எழுதுது."

"நீ குடுத்தியா?" என்றார் அண்ணன்.

"நானா? எட்டாங்கிளாஸ் படிச்சிட்டு மாடிக்குப் போறதா?"

"நாக்குக்கு எந்தக் கிளாஸ் அண்ணி?" என்று நான் விண்ணப்பத்தை வாங்கி அங்கேயே நிரப்பினேன். படிப்பு என்ற கட்டத்தில் எட்டு என்று எழுதும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேதியியல். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது, ஏனென்றால் பட்டம் என் பெயரில் இருந்தாலும் உழைப்பு மூன்று பேருடையது. அண்ணன் பதினைந்து வயதில் டயர் பட்டறையில் ஸ்பானர் பிடித்தார். அதனால்தான் நான் ஊரிலிருந்து வந்து கல்லூரியில் பேனா பிடித்தேன். கடைசி இரண்டு வருடம் அண்ணியின் கூடுதல் ஷிப்டில் ஓடியது. அவர் குகை வாசலில் நின்ற மணி நேரங்களில் பாதி எனக்காக நின்றது. ஆகவே பரீட்சை என்று ஒன்று இந்த வீட்டுக்குள் வந்தால் அதற்கு ஆசிரியர் நான்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் ஞாயிற்றுக்கிழமை தெருமுனைக் கடையில் ஒரு பொட்டலம் வாங்கி வந்தேன். அண்ணி அதைக் கையில் வாங்கியதும் திருப்பிப் பின்பக்க முத்திரையைப் பார்த்தார்.

"இது எங்க ஷிப்ட் போட்டது. செவ்வாக்கிழமை."

"அப்ப வீட்டுக்கு வந்த சொந்தக்காரங்க. நல்லா கவனி," என்றார் அண்ணன். பிறகு ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து உருட்டிப் பார்த்தார். "ஏன்டா, இந்த மூட்டைக்குள்ள சூப்பு எப்படிடா போச்சு? ஊசி போட்டு ஏத்துறாங்களா?"

நான் தொண்டையைச் செருமினேன். "அது வந்து அண்ணே, எலும்பைக் கொதிக்க வச்சா அதுலேர்ந்து ஒரு புரதம்..."

"ஜெல்லிங்க," என்றார் அண்ணி. "வாளி வாளியா வரும். கறியோட பெசஞ்சு உள்ள வச்சுடுவாங்க. ஆவி பட்டா உருகி சூப்பாயிடும்."

என் மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு வரியில் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு சூப் மூட்டை என்று பெயர் நிலைத்தது.

பெரிய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஓட்டைத் தட்டை ஏற்றி, பத்து மூட்டைகளையும் அப்படியே அடுக்கி மூடினோம். பன்னிரண்டு நிமிடம் கழித்துத் திறந்து எடுத்தபோது, மூட்டைகளின் அடிப்பாகம் தட்டோடு தங்கிவிட்டது. மேல்பாகம் மட்டும் தொப்பிபோல் கையோடு வந்தது. சூப் முழுவதும் கீழே கொதிக்கும் தண்ணீரில்.

"பஞ்சர்," என்றார் அண்ணன். "இதுவும் பஞ்சர். பத்துல எட்டு பஞ்சர். எங்க பட்டறையில சேர்ந்திருந்தா உங்க ரெண்டு பேரையும் மத்தியானமே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க."

மிச்சம் இரண்டு முழுசாக இருந்தன. அண்ணி ஒன்றை விரலால் எடுத்து, யாரும் எதுவும் சொல்லுமுன், முழுதாக வாயில் போட்டுக் கடித்துவிட்டார்.

அடுத்த நொடி அவர் கண் இரண்டும் நிரம்பின. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் ஒரு கையால் மேஜையைத் தட்டினார். அண்ணன் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அரைச் சொம்பு குடித்தபிறகுதான் பேச்சு வந்தது.

"கல்லுன்னு நெனச்சுட்டேன்."

ஆவி பறந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். ஆனால் ஆறு வருடமாக அந்த உருவத்தைத் தொட்டால் குளிரும் என்று மட்டுமே கை படித்திருக்கிறது. எச்சரிக்க வேண்டிய விரல்களுக்கோ சூடு தெரியவில்லை. உலகத்தில் வேறு யாரும் அப்படி ஒரு டம்ப்ளிங்கை வாயில் போட்டிருக்க மாட்டார்கள். அண்ணன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அண்ணி தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டார்.

நாக்கு ஆற நான்கு நாள் ஆயிற்று. ஐந்தாம் நாள் வேலை விட்டு வந்ததும் அண்ணி ஒரு முட்டைக்கோஸ் வாங்கி வந்தார். இலைகளைப் பிரித்து ஓட்டைத் தட்டில் பரப்பினார். மூட்டைகளை ஒன்றோடொன்று உரசாமல், ஒரு விரல் இடைவெளி விட்டு வைத்தார். உறைந்தபடியே, நேராகக் குளிர்ப்பெட்டியிலிருந்து. பத்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்துவிட்டு மூடியைத் திறக்கவில்லை.

"ரெண்டு நிமிஷம் மூச்சு வாங்கட்டும்," என்றார்.

திறந்தபோது பத்தும் முழுசாக உட்கார்ந்திருந்தன. தோல் மெல்லியதாகி, உள்ளே சூப் அசைவது வெளியே தெரிந்தது. இலையோடு சேர்த்துத் தூக்கி, ஆளுக்கொரு குழிக்கரண்டியில் ஒன்று வைத்தார்.

"கடிக்காதீங்க. பக்கத்துல சின்னதா ஒரு ஓட்டை. மொதல்ல சூப்பு. அப்புறம் மத்தது."

"எனக்கு ஓட்டை போட்டுப் பழக்கம் இல்லம்மா, அடைச்சுத்தான் பழக்கம்," என்றார் அண்ணன். ஆனாலும் போட்டார்.

அந்தச் சூப்பை எப்படிச் சொல்வது? ஒரு வாய்கூட இருக்காது. கோழியின் கொழுப்பு உதட்டில் லேசாக ஒட்டும். இஞ்சி மூக்குக்கு முதலில் போய், தொண்டைக்குப் பிறகு வரும். வெங்காயத்தாளின் இனிப்பு கடைசியில்தான் தெரியும். சூப் இறங்கியபிறகு தோலும் கறியும் தனியாக ஒரு சாப்பாடு. மூன்று பேரிடமிருந்தும் உறிஞ்சும் சத்தம் மட்டும்.

அண்ணி முதல் மூட்டையை முடித்துவிட்டு வெறுங்கரண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையா நான் சிவப்பு வாளில எறிஞ்சிட்டு இருந்தேன்?"

"பஞ்சர் ஆனதைத்தானே எறிஞ்ச?" என்றார் அண்ணன்.

"இல்லங்க. உள்ள இவ்வளவு ருசி இருக்குன்னு யாருமே சொல்லல."

அதன்பிறகு வாரத்துக்கு மூன்று முறை மூட்டைதான். அண்ணியின் கம்பெனியுடையது, போட்டிக் கம்பெனியுடையது, கடைக்காரரே ஓரமாகத் தள்ளி வைத்திருந்தது என்று எல்லாம் வாங்கினோம். நான் ஒரு நோட்டில் சுவையைச் சொல்ல நாற்பது சொற்கள் எழுதிக் கொடுத்தேன். சமச்சீரான உவர்ப்பு, நீடித்த பின்சுவை, நெகிழ்வான இழைநயம். அண்ணி பேருந்தில் போகும்போது மனப்பாடம் செய்தார். அண்ணன் ஒருநாள் அந்த நோட்டைப் புரட்டிவிட்டு, "டயர் வாசனைக்கு இதுல வார்த்தை இருக்கா? நானும் ஒரு அப்ளிகேஷன் போடுறேன்," என்றார்.

பரீட்சைக்கு மூன்று நாள் முன்னால் நான் ஒரு தப்பு செய்தேன்.

பட்டச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருந்தேன். அன்றைக்குத்தான் தருவதாகச் சொன்ன நாள். போகிற வழியில் பெரிய கடையில் ஒரு பொட்டலம் மூட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஃப்ரேம் கடைக்குப் போனேன். அங்கே என் சான்றிதழுக்கு இன்னும் ஆணியே அடிக்கவில்லை. "பத்து நிமிஷம் சார்," என்றார் கடைக்காரர். சார் என்ற சொல் என்னை உட்கார வைத்தது. பத்து நிமிடம் இரண்டு மணி நேரமானது. ஓரச் சட்டம் கறுப்பா தங்க நிறமா என்று வேறு நான் நடுவில் மனம் மாற்றினேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் பொட்டலம் தொளதொளவென்று கிடந்தது. யாருக்கும் தெரியாமல் குளிர்ப்பெட்டியின் அடியில் தள்ளினேன். காலையில் பழையபடி கல்லாகியிருந்தது. தட்டிப் பார்த்தேன். டக். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் மாலை அண்ணி அந்தப் பொட்டலத்தை எடுத்துக் காதருகே ஒருமுறை குலுக்கினார். வேகவைத்து, ஒன்றைக் கரண்டியில் எடுத்து, ஓட்டை போட்டு உறிஞ்சினார். உடனே ஒரு கிண்ணத்தில் துப்பினார்.

"இது அழுதிருக்கு."

"என்னது?" என்றார் அண்ணன்.

"உருகுறதை நாங்க அப்படித்தான் சொல்வோம். இது ஒரு தடவை அழுதுட்டு மறுபடி கல்லாயிருக்கு. தம்பி, இதை எங்க வச்சிருந்த?"

"கடையிலேர்ந்து நேரா வீட்டுக்குத்தான் அண்ணி."

அண்ணி சுவரில் புதிதாகத் தொங்கிய சான்றிதழைப் பார்த்தார். தங்கச் சட்டம். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஃப்ரேம் கடையில கூட்டமோ?"

அதற்குமேல் பொய் சொல்ல எனக்கு வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்பா தங்கமா என்று யோசித்ததுவரை.

"பட்டதாரி பண்ணுற வேலையாடா இது? நல்லவேளை கோழி உயிரோட இல்ல. இருந்திருந்தா உன்மேல கேஸு போட்டிருக்கும்," என்ற அண்ணன், தட்டைத் தூக்கிக் குப்பைக்குக் கொண்டுபோகப் போனார்.

"இருங்க," என்றார் அண்ணி. "அழுதது எப்படி இருக்கும்னு இத்தனை வருஷத்துல காதுக்குத்தான் தெரியும். வாய்க்குத் தெரிய வேண்டாமா?"

இன்னும் மூன்றை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றாக வாயில் வைத்துப் பார்த்துத் துப்பினார். எங்களை விழுங்க விடவில்லை. "பாரு, சூப்புல பாதியைத் தோல் குடிச்சிடுச்சு. அடி களி மாதிரி இருக்கு. இஞ்சி நேத்து வச்ச மாதிரி மங்கிக் கெடக்கு." என் நோட்டில் இதற்கெல்லாம் சொற்கள் இருந்தன. அவர் எதையும் பயன்படுத்தவில்லை.

பரீட்சை நாளன்று நான் என் வேலையிடத்தில் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் காத்திருந்தேன். அண்ணனும் பட்டறையிலிருந்து கையைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டார். நான்கு மணிக்கு அண்ணி வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"என்னாச்சு அண்ணி?"

"மூணு தட்டு வச்சாங்க. ரெண்டு ஒரே மாதிரி, ஒண்ணு வேற. எது வேறயோ அதுக்கு மட்டும் டிக் அடிக்கணும்."

"சுலபம்தானே! எது வேற?"

"ரெண்டாவதுல உப்பு கூட. அது வாயில வச்ச உடனே தெரிஞ்சிடுச்சு."

"அப்புறம் என்ன? அடிச்சீங்கல்ல?"

"அடிச்சேன். மூணாவதுக்கும் அடிச்சேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்ததுபோல் ஆனது. "ரெண்டு டிக் அடிச்சா அந்தத் தாளே செல்லாது அண்ணி! ஏன் அடிச்சீங்க?"

"மூணாவது ஒண்ணாவது மாதிரி இல்ல தம்பி. அது அழுதது. அன்னைக்கு நீ கொண்டுவந்தியே, அதே மாதிரி அடி களியா இருந்துச்சு. கீழ எழுதியும் வச்சேன். 'மூணாவது ஒரு தடவை அழுதிருக்கு.'"

"அவங்க உப்புக்குத்தான் பரீட்சை வச்சிருக்காங்க! கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் எழுதணும். பதினஞ்சு வருஷம் நான் அப்படித்தான் பாஸ் பண்ணேன்."

"வாய்க்குத் தெரிஞ்சதை இல்லன்னு எப்படி எழுதுறது?"

"நாற்பது வார்த்தைல ஒண்ணையாவது எழுதியிருக்கலாமே. அழுதிருக்குன்னா மாடியில யாருக்குப் புரியும்?"

"போதும் விடுடா," என்றார் அண்ணன். நான் குரலை உயர்த்தியிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அண்ணி எழுந்து உள்ளே போய், மறுநாளைக்கான கையுறைகளை ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். ஒரு கிளிப்பைத் திறக்க நான்குமுறை முயன்றார். நான் போய் வாங்கிப் போட்டேன்.

அடுத்த நான்கு நாட்கள் வீட்டில் மூட்டை வாங்கவில்லை. அண்ணி வழக்கம்போல் போனார், வந்தார். சூப்பர்வைசர் மகள் மாடிக்குத் தேர்வாகிவிட்டதாக ஒரு செய்தி வந்தது. இன்னும் ஓர் இடம்தான். நான் பெரிய மனுஷனாக ஆறுதல் சொல்லப் பார்த்தேன். "உங்களுக்கு இன்னும் வயசு இருக்கு அண்ணி." அவர், "விரலுக்கு இல்லையே," என்றார். அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் அவர் வந்தபோது, தினமும் குளிர்க் கோட்டைச் சுமந்து வரும் பை கையில் இல்லை. நேராக என்னிடம் வந்து ஓர் அட்டையை நீட்டினார். அவருடைய புகைப்படம், கீழே 'சுவை அறை, பயிற்சி, மூன்று மாதம்' என்று இருந்தது.

நடந்தது இதுதான். மாடி அறையின் தலைவி, வெள்ளைக் கோட்டு போட்ட நடுத்தர வயதுப் பெண், அண்ணியை அழைத்து அந்தத் தாளை மேஜைமேல் வைத்திருக்கிறார்.

"ரெண்டு டிக் அடிச்சதால இதை நான் ஒதுக்கித்தான் வச்சேன். ஆனா இந்த வரி என்னைத் தூங்க விடல. அழுதிருக்குன்னா என்ன?"

அண்ணி சொல்லியிருக்கிறார். தலைவி எழுந்து போய், பரீட்சைப் பொட்டலங்கள் வைத்திருந்த குளிர்ப்பெட்டியின் வெப்பத்தாளைக் கொண்டுவந்து விரித்திருக்கிறார். பெட்டிக்குள் இருக்கும் சூட்டை ஒரு பேனா தானாகவே கோடாக வரைந்துகொண்டே போகும் தாள் அது. பரீட்சைக்கு முந்தைய நாள் அந்தக் கோடு மூன்று மணி நேரம் மலைபோல் ஏறி இறங்கியிருந்தது. தரை துடைக்கும் இயந்திரத்துக்காக யாரோ பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிறகு சொருகியிருக்கிறார்கள். மேல் அடுக்குப் பொட்டலங்கள் மட்டும் இளகியிருக்கின்றன. மூன்றாவது தட்டு அங்கிருந்து வந்தது.

"மத்த பதினாலு பேரும் சாப்பிட்டாங்க. நானும் சாப்பிட்டேன். எனக்கே தெரியலம்மா. உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று கேட்டாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன் நான். அந்த நாற்பது சொற்களில் ஒன்றாவது வந்திருக்கும் என்ற நப்பாசை எனக்கு.

"எங்க வீட்ல ஒரு பட்டதாரி சொல்லிக்குடுத்தாருன்னு சொன்னேன்."

அண்ணன் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நானும் சிரித்தேன். வேறு வழி? அந்த அட்டைக்கு ஒரு நகல் எடுத்து, என் சான்றிதழுக்குப் பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன்.

"போடு தம்பி. ஆனா ஃப்ரேம் கடைக்குப் போறதா இருந்தா, மூட்டைய மொதல்ல வீட்ல வச்சிட்டுப் போ."

இது நடந்து ஏழு வாரமாகிறது. பயிற்சி முடிய இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதற்குப் பிறகு நிரந்தரமாக்குவார்கள் என்று தலைவி வாயால் சொல்லியிருக்கிறார், தாளில் இன்னும் வரவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை. பகல் சாப்பாட்டுக்கு மூட்டைதான். முட்டைக்கோஸ் இலை, பத்து நிமிடம், இரண்டு நிமிட மூச்சு. நாங்கள் இருவரும் கரண்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தோம். அண்ணி மூடியைத் திறந்தார். ஓரத்தில் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்த விரலை நீட்டியவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஸ்ஸ்... ஐயோ, சுடுது!"

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். அண்ணன் கரண்டியைக் கீழே வைத்தார். ஆவி எங்கள் மூன்று பேர் முகத்திலும் பட்டுக்கொண்டிருந்தது. அண்ணி தன் ஆள்காட்டி விரல் நுனியைப் பார்த்தார். அதில் ஒரு சின்ன சிவப்பு இருந்தது.

"எங்க," என்றார் அண்ணன், "இன்னொரு தடவை தொடு."

அண்ணி தொட்டார்.